மலாவி: ஏரிக்கரையில் ஓதலும் படிப்பும்

இஸ்லாமிய உலகம் என்று பேசும்போது நம் நினைவுக்கு வருபவை அரபு நாடுகள், துருக்கி, மலேசியா, இந்தோனேசியா. ஆப்பிரிக்கா என்றால் எகிப்து, சூடான், சோமாலியா, நைஜீரியா வரை போவோம். அதற்கும் தெற்கே, ஸாம்பேசி ஆற்றுக்குப் பக்கத்தில், தலைமுறை தலைமுறையாகத் தொழுது வரும் முஸ்லிம் கிராமங்கள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மலாவி அப்படி ஒரு நாடு. 2018ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு 1 கோடியே 75 லட்சம் மக்கள். அவர்களில் 13.8 சதவீதம், அதாவது சுமார் 24 லட்சம் பேர் முஸ்லிம்கள். கிறிஸ்தவர்கள் 77 சதவீதம்.

இந்த நாட்டைப் பற்றி எழுத நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் கடலோர ஊர்களுக்கு மார்க்கம் வந்த அதே இந்துமாக் கடல் வழியாகத்தான் அவர்களுக்கும் வந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர். பிள்ளையை ஓத அனுப்புவதா, படிக்க அனுப்புவதா என்று நம் முன்னோர் தடுமாறிய அதே இடத்தில் அவர்களும் தடுமாறினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை நாம் கொடுத்ததை விட அதிகம்.

நிலமும் நீரும்

மலாவிக்குக் கடற்கரை கிடையாது. வடக்கே தான்சானியா, மேற்கே ஸாம்பியா, மற்ற பக்கங்களில் மொஸாம்பிக். நாட்டின் மொத்தப் பரப்பு 1,18,484 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை விடச் சற்றுச் சிறியது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். கிழக்கு எல்லை நெடுகக் கிடக்கும் மலாவி ஏரி ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 75 கிலோமீட்டர். ஏரியின் முழுப் பரப்பு இலங்கைத் தீவின் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆழம் 700 மீட்டர். ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளில் இது மூன்றாவது. உலகில் வேறெந்த ஏரியிலும் இத்தனை வகை மீன்கள் இல்லை என்பது அறிஞர்களின் கணக்கு. தெற்கு முனையில் கேப் மெக்லியர் பகுதியை 1984ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தான்சானியாக்காரர்கள் இதே ஏரியை நியாசா என்பார்கள். எல்லை கரையோரமா, நடு ஏரியா என்ற வழக்கு இரு நாடுகளுக்கும் இடையே 1960கள் முதல் தீராமல் கிடக்கிறது.

ஏரியின் தென்கோடியில் மங்கோச்சி நகரத்துப் பக்கம் ஷிரே ஆறு புறப்பட்டு ஸாம்பேசியில் போய்ச் சேருகிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த ஒரே ஆற்றை நம்பியது. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா அணையை உடைத்தபோது நாடே இருட்டில் கிடந்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஃபிரெடி புயல் தெற்கு மாவட்டங்களில் மலைச்சரிவையே சேறாக்கிக் கீழே தள்ளியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கும் மேல். அதற்கடுத்த ஆண்டு வறட்சி. மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். அந்த ஒரு பருவத்தில் மக்காச்சோளம் விளைந்தால் சாப்பாடு; விளையாவிட்டால் அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் கிராமங்களில் அடுப்பு ஒரு வேளைதான் எரியும்.

தெற்கே முலாஞ்சே மலை 3,002 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்திலும் பக்கத்திலுள்ள சோலோ மாவட்டத்திலும் தேயிலைத் தோட்டங்கள். ஏற்றுமதியில் முதலிடம் புகையிலைக்கு. தலைநகரம் லிலோங்வே. அதற்கு முன், 1975 வரை, ஸோம்பா. வணிக நகரமான பிளாண்டையரின் பெயர் ஸ்காட்லாந்தில் டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஊருடையது. பெயரிலேயே வரலாறு தொடங்கிவிடுகிறது.

யானைத் தந்தமும் அடிமைகளும்

ஏரிக்குக் கிழக்கே, இன்றைய மொஸாம்பிக் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் யாவோ இனத்தார். உள்நாட்டுக்கும் கடற்கரைக்கும் இடையே நடந்து வியாபாரம் செய்வதே அவர்கள் தொழில். புகையிலை, மண்வெட்டி, தோல் கொண்டுபோய் உப்பும் துணியும் பாசிமணியும் வாங்கி வந்தவர்கள், பிறகு யானைத் தந்தத்துக்கு மாறினார்கள். அவர்கள் போன துறைமுகம் கில்வா. அங்கே சுவாஹிலி முஸ்லிம்களின் பள்ளிவாசலையும் வெள்ளை உடையையும் அரபு எழுத்தையும் பார்த்தார்கள். 1870ஐ ஒட்டி ஏரிக்கரைத் தலைவர் மக்கன்ஜிரா இஸ்லாத்தைத் தழுவினார். மற்றத் தலைவர்கள் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். அவர்களுடைய கடிதங்களை எழுதக் கடற்கரையிலிருந்து வந்த எழுத்தர்கள் இருந்தார்கள். மொழி சுவாஹிலி, எழுத்து அரபு. நம் ஆலிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபை அறிந்த வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

ஏரியின் மேற்குக் கரையில் கோட்டாகோட்டாவில் 1840களில் சலீம் பின் அப்துல்லாஹ் என்ற கடற்கரை வணிகர் வந்து தங்கினார். ஜும்பே என்ற பட்டத்துடன் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அரை நூற்றாண்டு அந்தக் கரையை ஆண்டார்கள். நெல் பயிரிட்டார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், குர்ஆன் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். பாய்மரப் படகுகளில் அடிமைகளை ஏற்றி மறுகரைக்கு அனுப்பியதும் அவர்கள்தான். அங்கிருந்து கில்வாவுக்குக் கால்நடை, கழுத்தில் கவைக்கட்டை. கில்வாவிலிருந்து ஸான்ஸிபாரின் கிராம்புத் தோட்டங்களுக்கும், பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தீவுகளுக்கும்.

இதை நாம் பூசி மெழுகக் கூடாது. வாங்கியவர்களில் ஐரோப்பியரும் உண்டு என்பது உண்மை. போர்த்துகீசியர் மொஸாம்பிக் கரையில் செய்ததும் இதே வேலைதான். அதனால் விற்றவர்களின் பொறுப்பு குறைந்துவிடாது. சுதந்திரமான ஒரு மனிதனை விற்று அந்தக் கிரயத்தை உண்டவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்துடைய ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஜும்பேயின் பள்ளிவாசலிலும் யாராவது அதை ஓதியிருப்பார்கள். கிராமத்தைக் கொளுத்திப் பிடித்து வந்த பெண்ணையும் குழந்தையையும் ஷரீஅத்தின் எந்தப் பிரிவிலும் நியாயப்படுத்த முடியாது. நம் எழுத்தாளர்கள் சிலர் ஆப்பிரிக்காவில் இஸ்லாம் பரவிய வரலாற்றைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டிப் போனால் அடுத்து நடந்தது எதுவும் புரியாது.

லிவிங்ஸ்டன் 1859ல் ஏரியை அடைந்தார். 1861ல் கோட்டாகோட்டாவைப் பார்த்தார். அடிமை வியாபாரத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ஸ்காட்லாந்துத் திருச்சபைகள் பாதிரிமார்களை அனுப்பின. 1875ல் கேப் மெக்லியரில் முதல் நிலையம். அடிமைச் சங்கிலியை அறுக்க வந்தவர்கள் என்ற நற்பெயருடன் அவர்கள் வந்தார்கள். கையில் பாடப்புத்தகமும் இருந்தது.

தோற்ற பிறகு பரவிய மார்க்கம்

1891ல் பிரிட்டன் இந்த நிலத்தைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டதாக அறிவித்தது. 1907ல் நியாசாலாந்து என்று பெயர் வைத்தது. முதல் ஆணையர் ஹாரி ஜான்ஸ்டன் யாவோ தலைவர்களை அடக்கக் கொண்டுவந்த படை எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தியாவிலிருந்து. எழுபது பேர் அளவிலான அந்தச் சிறிய படையில் சீக்கியர்களும் இருந்தார்கள். ஹைதராபாத் குதிரைப்படையின் முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள். அதன் தளபதி மக்வயர் 1891 டிசம்பரில் மக்கன்ஜிராவின் கரையில் கொல்லப்பட்டார். ஏரிக்கரை முஸ்லிம் தலைவர் ஒருவரை அடக்க, தக்காணத்து முஸ்லிம் சிப்பாய் வெள்ளைக்காரனின் சம்பளத்தில் வந்திருக்கிறார். காலனி ஆட்சியின் கணக்கே அப்படி. 1895 வாக்கில் எதிர்ப்பு ஓய்ந்துவிட்டது. வடக்கே கரோங்காவில் ம்லோஸி என்ற வணிகத் தலைவரைத் தூக்கிலிட்டார்கள். கோட்டாகோட்டாவில் ஜும்பே ஆட்சி முடிந்தது.

தலைவர்கள் தோற்றார்கள், தந்தம் போயிற்று, அடிமை வியாபாரம் நின்றது. அதோடு மார்க்கமும் மங்கியிருக்கும் என்று நினைப்போம். நடந்தது வேறு. தலைவர்களின் மாளிகையில் இருந்த இஸ்லாம் குடியானவர்களின் குடிசைக்குப் பரவியது அதற்குப் பின்வந்த முப்பது ஆண்டுகளில்தான். பரப்பியவர்கள் வலிமு எனப்படும் கிராம ஆசிரியர்கள். முஅல்லிம் என்ற அரபுச் சொல் சுவாஹிலி வழியாக அப்படி ஆயிற்று. நம் ஊர் லெப்பைகளைப் போன்றவர்கள்: பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பார்கள், நிக்காஹ் நடத்துவார்கள், ஜனாஸா குளிப்பாட்டுவார்கள், கூலிக்குத் தையலோ மீன்பிடியோ பார்ப்பார்கள். யாவோக்களின் பழைய விருத்தசேதனச் சடங்கை ஜான்டோ என்ற முஸ்லிம் முறையாக மாற்றியதும் அவர்கள்தான். வெற்றிபெற்றவனின் மதத்தை ஏற்க மனமில்லாத மக்களுக்குத் தங்கள் மானத்தோடு நிற்க ஓர் இடம் இது.

1920களில் காதிரிய்யா தரீக்கா ஏரிக்கரை எங்கும் வேர் பிடித்தது. கோட்டாகோட்டாவில் அதைப் பரப்பியவர் ம்தும்வா பின்த் அலீ என்ற பெண்மணி. ஷெய்கா என்றே அவரை அழைத்தார்கள். பெண்களுக்குத் தனியாகத் திக்ரு மஜ்லிஸும் மார்க்க வகுப்பும் நடத்தினார். நம் பக்கத்தில் பெண்களுக்கான மத்ரஸாக்கள் பெருகியதே அண்மைக் காலத்தில்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னர் கருத்து வேற்றுமை வந்தது. ஜனாஸாவைக் கொண்டுபோகும்போது கொடியுடன் சத்தமாகத் திக்ரு சொல்லிப் போவது ஒரு சாரார் வழக்கம். அமைதியாகப் போவதுதான் சுன்னத் என்றார்கள் மற்றவர்கள். முதல் கூட்டத்துக்குத் த்வலிக்கி என்று பெயர், தரீக்காவிலிருந்து வந்த சொல். இரண்டாவது கூட்டத்துக்குச் சுக்கூத்தி, அரபியில் சுக்கூத் என்றால் மௌனம். ஊர் பிரிந்து, பள்ளிவாசல் பிரிந்து, சம்பந்தம் கூட முறிந்த இடங்கள் உண்டு. நம் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

பள்ளிக்கூடத்து வாசல்

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

நியாசாலாந்தில் பள்ளிக்கூடம் என்றாலே மிஷன் பள்ளிக்கூடம். அரசு தன் பங்குக்குக் கொஞ்சம் மானியம் கொடுத்ததே தவிர, கல்வித்துறை என்ற ஒன்றைத் தொடங்கியதே 1926ல்தான். ஸ்காட்லாந்துக்காரர்கள், ஆங்கிலிகன்கள், டச்சுச் சீர்திருத்தச் சபை, கத்தோலிக்கர் என்று மாவட்டம் மாவட்டமாகப் பங்கு போட்டுப் பள்ளி நடத்தினார்கள். நல்ல பள்ளிகள் என்பதை மறுக்க முடியாது. குறிப்பாக வடக்கே லிவிங்ஸ்டோனியாவில் படித்தவர்கள் ரோடீசியா, தென்னாப்பிரிக்கா வரை எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் போனார்கள்.

ஆனால் அந்த வாசலில் நுழையப் பிள்ளை ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வேதபாடமும் ஆராதனையும் கட்டாயம். பல இடங்களில் பெயரையே மாற்ற வேண்டும். வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று இரு பெயருடன் வாழ்ந்த முதியவர்கள் மலாவி முஸ்லிம்களிடையே சமீப காலம் வரை சாதாரணம். சில ஆண்டுகளில் பதிவேட்டுப் பெயரே நிலைத்துவிடும். பிள்ளை திரும்பி வராது. இதைப் பார்த்த யாவோ தகப்பன் என்ன செய்வார்? பிள்ளையைக் கையைப் பிடித்து வலிமுவிடமே கூட்டிப்போனார். ஈமான் போகாது என்பது ஒன்றே அவருக்குப் போதும்.

அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் விளைவு என்ன என்பதைப் பார்க்காமலும் இருக்க முடியாது. வலிமுவிடம் ஓதிய பிள்ளைக்கு அரபு எழுத்து தெரியும், சுவாஹிலி வாசிக்கத் தெரியும். காலனி அரசின் கச்சேரியில் அதற்கு மதிப்பில்லை. கணக்குப்பிள்ளை வேலை, மருத்துவமனை வேலை, மொழிபெயர்ப்பாளர் வேலை எல்லாம் மிஷன் மாணவனுக்கு. முஸ்லிம் இளைஞனுக்குக் கிடைத்தவை சிப்பாய் வேலை, தையல், வீட்டுச் சமையல், வண்டி ஓட்டுதல், மீன்பிடி. கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படையில் யாவோக்கள் ஏராளம். 1964 ஜூலை 6ல் நாடு விடுதலை பெற்றபோது நிர்வாகத்தில் உட்கார ஆள் தேடினால், படித்தவர்களின் வரிசையில் முஸ்லிம்கள் கடைசியில் நின்றார்கள். முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பாண்டா ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மூப்பர். 1968ல் சிச்சேவா தேசிய மொழியாயிற்று. பள்ளியிலும் வானொலியிலும் சிச்சேவாவும் ஆங்கிலமும்தான். யாவோ மொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இது இன்னொரு படி.

இலங்கை வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒருவர் நினைவுக்கு வருவார்: அறிஞர் சித்திலெப்பை. மிஷன் பள்ளிக்கு அஞ்சிப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்த சமூகத்திடம், அஞ்சினால் போதாது, நாமே பள்ளி கட்ட வேண்டும் என்று 1880களில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையில் எழுதினார். 1892ல் கொழும்பு மருதானையில் பிறந்த கல்விக்கூடம்தான் பின்னர் ஸாஹிரா கல்லூரி ஆயிற்று. அதற்குத் துணைநிற்க மாணிக்க வியாபாரிகளும் வழக்கறிஞரும் இருந்தார்கள். மலாவியின் கிராமங்களில் அப்படி ஒரு செல்வந்த வர்க்கம் அன்று இல்லை. தந்தமும் போன பிறகு மீனும் சோளமும்தான் மிச்சம்.

செல்வம் இருந்த முஸ்லிம்கள் ஒரு கூட்டத்தார் உண்டு: இந்திய வணிகர்கள், பெரும்பாலும் குஜராத்திகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சிறு நகரங்களில் துணிக்கடை, மளிகைக் கடை வைத்தார்கள். பிளாண்டையரையும் லிம்பேயையும் சுற்றி அவர்கள் கட்டிய பள்ளிவாசல்கள் அழகானவை. பின்னாளில் மத்ரஸாக்களுக்கும் உதவித்தொகைகளுக்கும் வாரி வழங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நெடுங்காலம் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள் தொழுகை முடிந்ததும் தனித்தனி உலகத்துக்குத் திரும்பினார்கள். பெண் கொடுத்து எடுப்பது அரிது. 1970களில் பாண்டா அரசு ஆசியர்களைக் கிராமப்புறங்களிலிருந்து அகற்றி மூன்று நகரங்களுக்குள் அடக்கியபோது அந்த இடைவெளி இன்னும் அகலமாயிற்று.

வெளியிலிருந்து பெரிய உதவி வந்தது 1980களின் தொடக்கத்தில். குவைத் மருத்துவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸுமைத் மலாவிக்கு வந்து முஸ்லிம்களின் நிலையைக் கண்டு, ஊர் திரும்பி ‘மலாவி முஸ்லிம்கள் குழு’ என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆப்பிரிக்கா முழுவதும் கிணறும் பள்ளியும் அநாதை இல்லமும் கட்டிய ஆஃப்ரிகா முஸ்லிம்ஸ் ஏஜென்சி அதிலிருந்து வளர்ந்ததுதான். பள்ளிவாசல் கட்டுவதோடு நிற்காமல் பள்ளிக்கூடம் கட்டினார் என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2013ல் அவர் இறந்தார், ரஹிமஹுல்லாஹ்.

தாய்வீட்டு முறை

மலாவியில் கிராம வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும்: வீடு பெண்ணுடையது. யாவோ, சேவா இரு இனத்தாரும் தாய்வழியினர். திருமணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் ஊருக்குப் போகிறார். நிலம் தாயிடமிருந்து மகளுக்கு. சகோதரிகளும் அவர்களின் பிள்ளைகளும் சேர்ந்த கூட்டத்துக்கு ம்பும்பா என்று பெயர்; அதற்குப் பொறுப்பாளி மூத்த தாய்மாமன். தலைவர் பட்டம் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். முஸ்லிம் தலைவர்களுக்கும் இதே முறைதான்.

மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவது காயல்பட்டினத்துக்காரருக்கோ, காத்தான்குடிக்காரருக்கோ புதிதல்ல. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று உழைத்துத் தேயும் தகப்பன்மார் நம்மிடம் உண்டு. மலாவியில் வீட்டைக் கட்டுவது மாப்பிள்ளையின் கடமை. அவர்களது முறை நம்முடையதை விட நியாயமாகவே படுகிறது. சிக்கல் வருவது சொத்துப் பங்கீட்டில். ஃபராயிள் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் பங்குண்டு. ஊர் வழக்கப்படி இறந்தவரின் உடன்பிறந்தாளின் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். சைக்கிளையும் தையல் மெஷினையும் தூக்கிப் போய்விட்டு விதவையைப் பிள்ளைகளுடன் விட்டுப் போன சம்பவங்கள் எல்லா மதத்தாரிடமும் நடந்ததால், 2011ல் அரசு சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கியது. ஆலிம்கள் மிம்பரில் ஃபராயிள் பேசுகிறார்கள், தாய்மாமன் தலையாட்டுகிறார், வீட்டுக்குப் போனதும் பழைய வழக்கம்.

சாப்பாடு என்றால் என்சிமா. வெள்ளைச் சோளமாவைக் கொதிநீரில் கிண்டிக் களியாக எடுப்பது. நம் கேழ்வரகுக் களி வெள்ளையாக இருந்தால் எப்படியோ அப்படி. கையால் உருட்டி, தொட்டுக்கொள்ளும் குழம்பில் தோய்த்து உண்பார்கள். தொட்டுக்கொள்ள ஏரியின் சாம்போ மீன் கிடைத்தால் விருந்து. அது குறைந்து விலையேறிவிட்டதால் ஏழைக்கு உசிபா என்ற பொடிமீன். இரவில் விளக்கு ஏற்றிப் படகில் போய்ப் பிடித்துவருவார்கள். பெண்கள் கரையில் பரண் கட்டிக் காயவைப்பார்கள். நம் நெத்திலிக் கருவாட்டு வாடை அப்படியே. நோன்பு திறக்கச் சோளக்கஞ்சியும் மன்டாசி எனும் இனிப்புப் போண்டாவும் தேநீரும். நாடு தெற்கே 9 பாகைக்கும் 17 பாகைக்கும் இடையில் இருப்பதால் பகல் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது; ஐரோப்பாவைப் போல் 18 மணிநேர நோன்புத் துன்பம் அங்கே இல்லை. கிப்லா வடக்கு, சற்றே கிழக்காகச் சாய்ந்த வடக்கு. மேற்கு நோக்கியே தொழுது பழகிய நம்மவர் அங்கே போனால் முதல் நாள் திசை குழம்பும்.

பெண்கள் இடுப்பில் சுற்றும் பூப்போட்ட துணி சிதேஞ்சே. முதுகில் குழந்தையைக் கட்டுவதும் அதுவே, விறகு சுமக்கச் சும்மாடும் அதுவே, மய்யித் வீட்டுக்குப் போகும்போது தலையில் போடுவதும் அதுவே. போக்குவரத்துக்குச் சைக்கிள் டாக்ஸி. ஏரியில் 1951 முதல் ஓடும் இலாலா என்ற கப்பல் கரையோர ஊர்களுக்கு மூட்டையும் ஆட்களும் ஏற்றிச் செல்கிறது. ஒரே குடும்பத்தில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் இருப்பது சாதாரணம். ஒருவர் வீட்டு மரணத்துக்கு மற்றவர் வந்து தங்கி, குழிதோண்டி, சோளமாவு கொண்டுவந்து தருவார். நோன்புப் பெருநாள் நாடு முழுவதற்கும் பொது விடுமுறை.

முலூசி செய்தது

1993ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் ஒருகட்சி ஆட்சியை நிராகரித்தார்கள். 1994 மே தேர்தலில் பாண்டாவைத் தோற்கடித்து அதிபரானவர் பக்கிலி முலூசி. யாவோ, முஸ்லிம், மச்சிங்கா மாவட்டத்தில் பிறந்தவர். முக்கால்பங்குக் கிறிஸ்தவர்கள் வாழும் நாடு ஒரு முஸ்லிமைத் தேர்ந்தெடுத்தது. 1999ல் மறுபடியும் தேர்ந்தெடுத்தது. அந்த இரண்டாவது வெற்றியின்போது வடக்கே சில பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. அவர் ஆட்சி மீது ஊழல் குற்றச்சாட்டுகள் நிறைய. மூன்றாம் முறையும் நிற்க அரசியல் சாசனத்தை மாற்றப் பார்த்துத் தோற்றார். பல ஆண்டுகள் இழுத்த வழக்கு 2023ல் கைவிடப்பட்டது. அவரைப் புனிதராக்க நமக்கு விருப்பமில்லை.

ஆனால் பதவிக்கு வந்த அதே ஆண்டில் அவர் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார். கட்டணம் இல்லை, சீருடை கட்டாயமில்லை. 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை ஒட்டிப் போயிற்று. வகுப்பறை இல்லை; மரத்தடியில் நூறு பிள்ளைகள், ஓர் ஆசிரியர். பயிற்சி இல்லாத ஏறத்தாழ 20,000 பேரை ஆசிரியர்களாக எடுத்தார்கள். தரம் விழுந்தது என்று கல்வியாளர்கள் இன்றும் விமர்சிக்கிறார்கள். அது சரியான விமர்சனம்தான். ஆனாலும் மிஷன் வாசலில் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்த சமூகத்திலிருந்து வந்த ஒருவர், நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசலைத் திறந்துவிட்டார் என்பது பதிவாக வேண்டும்.

வாசல் திறந்த பிறகும் சில கதவுகள் பாக்கி. அரசு சம்பளம் கொடுத்தாலும் பல பள்ளிகளின் நிலமும் கட்டடமும் திருச்சபைகளுக்குச் சொந்தம். அங்கே மாணவி தலையை மூடலாமா என்பது நெடுநாள் பிரச்சினை. 2019ல் பலாக்கா மாவட்டத்தில் ஆங்கிலிகன் சபையின் ஒரு பள்ளியில் அது கைகலப்பாக வெடித்துப் பள்ளியையே மூடவேண்டியதாயிற்று. பிறகு மலாவி முஸ்லிம் சங்கத்தாரும் தரீக்காக்காரர்களின் காதிரிய்யா சங்கத்தாரும் திருச்சபைகளுடனும் அரசுடனும் உட்கார்ந்து பேசினார்கள். தமக்குள் ஜனாஸா விஷயத்தில் ஒத்துப்போகாத இரு சாராரும் ஹிஜாப் விஷயத்தில் ஒரே பக்கம் அமர்ந்தார்கள்.

இன்று மங்கோச்சியில் பல பிள்ளைகளுக்குக் காலையில் அரசுப் பள்ளி, பிற்பகலில் மத்ரஸா. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுப்பது இப்போது பாதிரிமார் பற்றிய பயம் அல்ல, ‘ஜோனி’. ஜோஹன்னஸ்பர்க்குக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர். 1974ல் ஃபிரான்சிஸ்டவுனில் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிய விமானம் விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு அரசு சுரங்கத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திப் பார்த்தது. ஆட்கள் போவது நிற்கவில்லை. பஸ்ஸில், லாரியில், பாஸ்போர்ட்டுடனும் இல்லாமலும் போகிறார்கள். தகரக்கூரையும் சிமென்ட் தரையுமாகப் புதிதாக எழுந்த வீட்டைக் காட்டி, ஜோனி காசு என்பார்கள் ஊரில். நம் சபுராளிகளின் ஊர்களில் பத்தாம் வகுப்போடு பாஸ்போர்ட் எடுத்த பையன்களைப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். பெண் பிள்ளைகளின் திருமண வயதை 18 என்று 2017ல் அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். மங்கோச்சியில் அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு கிராமத் தலைவர்கள், தாய்மாமன்கள், வலிமுகள் கையில் இருக்கிறது. வயது கேட்காமல் நிக்காஹ் ஓத மறுக்கும் வலிமுகள் அங்கே இப்போது உருவாகி வருகிறார்கள்.